ஒரு பலகை குறைவு

சாலைக்கும் சுண்டிக்குளத்துக்கும் நடுவே
கடலும் களப்பும் ஒன்றையொன்று பார்க்கிற மணல் நாக்கில்
எனக்குப் பிரித்துத் தந்தது ஒரு மீற்றர் அகலம்.
வைசருக்குள் என் மூச்சே என்னைச் சுடும்.
முழங்காலில் இருந்து
சின்ன ரேக்கால் மணலைக் கோதி இழுப்பேன்,
பேன் பார்க்கிற மாதிரி.

சோளகம் தொடங்கிய கிழமை
தலைக்கு மேல் ஒரு கீச்சு.
வைசரில் வெள்ளையாய் எச்சம்.
துடைத்துப் பார்த்தால்
ரேக்கின் பல்லுக்கு ஒரு சாண் முன்னே
இரண்டு முட்டை.
கூடென்று சொல்ல ஒன்றுமில்லை,
யாரோ குதிக்காலை ஊன்றித் திருப்பிய அளவு பள்ளம்.
மணலின் நிறம், மேலே மை தெறித்த புள்ளி.

எழும்பி நின்றேன். நிற்கக்கூடாது, அது சட்டம்.
வேலிக்கம்புகளுக்கு அப்பால் மணல் முழுக்க ஆலா.
மஞ்சள் அலகு, வெள்ளை நெற்றி,
உள்ளங்கைக்குள் அடங்குகிற சிற்றாலா.
எட்டுக் கூடு எண்ணினேன், பிறகு இருபத்தாறு,
சோற்றுக்கு விசில் ஊத முன்னர் நாற்பத்தொன்று.
லேன் அட்டையின் பின்பக்கம் கோடு கோடாய்.

பதின்மூன்று வருசம்
இங்கே நாய் வரவில்லை,
டிப்பர் வரவில்லை, வலை வரவில்லை.
மண்டையோட்டுப் பலகையை எல்லாரும் வாசித்தார்கள்.
வாசிக்கத் தெரியாதவை குடியேறின.

டிடெக்டர் கத்தியது அந்த முதற்கூட்டின் அருகில்தான்.
நாலு விரல் தள்ளி, ஒரு ஜொனி.
பலகை மூடி உக்கிப்போய், உள்ளே இன்னும் விழிப்பு.
அதற்குத் தேவை
ஒரு பிள்ளையின் காலடிப் பாரம்.
ஆலாவிடம் அது இல்லை.
கடலில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து
ஈர இறகால் முட்டையைக் குளிரப் பண்ணி
வெடியின் மேல் நடந்து போனது, வந்தது.

இருபது நாள் கேட்டேன்.
ஜெயரூபன் வரைபடத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
"தெற்கு லேனுக்குப் போ" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

எமிலியாம்பிள்ளை சொன்னார் நிறைய.
அந்த மணல் அவருடைய கரைவலைப் பாடு.
"உங்கட குருவிக்கு இருவது நாள்.
எனக்கு ஆர் பிள்ளை நாள் குடுத்தது?
கம்பா கயிறு வீட்டுக்குள்ள கிடந்து உழுத்துப்போச்சு."
அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை.
நான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து மூடினேன்.

குஞ்சுகள் பொரித்தன.
நடக்கிற மணல், அவ்வளவுதான்;
அசையாவிட்டால் கண்ணுக்குப் படாது.
அவை அலைப்பக்கம் நகர்ந்த விடியலில்
ஜொனியைத் தோண்டி எடுத்தேன்.
பிறகு இன்னும் பதினேழு.

கையளித்த அன்று கூடாரம், நாடா, பழரசம்.
அடுத்த நாளே மணலில் டயர்த் தடம்.
பிந்திப் போட்ட கூடுகள் ஒன்பது இருந்தன.
ஒன்பது அல்ல, ஆறு.

அன்றிரவு நான் செய்ததை
எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை.
களஞ்சியக் கணக்கில்
கொடுத்த பலகை இருநூற்றுப் பன்னிரண்டு,
திரும்பியது இருநூற்றுப் பதினொன்று.
"கடல் கொண்டுபோனது" என்று எழுதினான் ஜெயரூபன்.
பேனையை எடுக்காமல் கொஞ்சநேரம் இருந்தான்.

டிப்பர்க்காரன் பலகையைக் கண்டு பின்னால் எடுக்கிறான்.
எமிலியாம்பிள்ளைக்குத் தெரியும், அது பொய்.
என் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டே
கயிற்றை வளைத்து இழுக்கிறார்.
ஆலாக்கள் இந்த வருசமும் வந்திருக்கின்றன.

ஆனால் களப்புப்பக்கம், முன்னூறு மீற்றரில்,
இன்னும் துப்புரவு செய்யாத துண்டொன்று உண்டு.
அங்கேயும் ஒரு பலகை நிற்கிறது.
அதே சிவப்பு, அதே மண்டையோடு.
என்னுடையது பொய்யென்று
பள்ளிக்கூடப் பெடியன் ஒருவன் கண்டுபிடித்தால்
அடுத்ததையும் அப்படித்தானே வாசிப்பான்?
சோளகம் பலகையை ஆட்டுகிற சத்தம்
வீடுவரை கேட்காது, தெரியும்.
எழும்பி இருந்து கேட்கிறேன்.